காசில் இருப்பது அச்சுப் பிழையா, அடிபட்ட தடமா?

வீட்டு உண்டியலைப் பிரித்ததில் ஐந்து காசுகள் மற்றவற்றைப் போல இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1990-களின் எஃகு ஒரு ரூபாயில் விளிம்பு பிறைபோல வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு ரூபாயில் விளிம்பிலிருந்து எழுத்து வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. மஞ்சள் நிற ஐந்து ரூபாயில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. பத்து ரூபாயில் நடுவட்டம் இல்லை, வளையம் மட்டும் இருக்கிறது. ஐம்பது காசின் ஒரு பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. இவற்றில் எது நாணயச்சாலையில் நேர்ந்த பிழை, எது வெளியே வந்த பிறகு பட்ட அடி, காணொளியில் சொல்வதுபோல லட்சக்கணக்கில் விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் காசுகளை விற்றுத் தருகிறோம், அதற்கு முன்பணமாகக் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டியே இந்த மோசடி நடக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எவரிடமும் கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிவிக்க வேண்டியிருந்தது. 2012-இல் வெளிவந்த வைஷ்ணோ தேவி நாணயத்துக்கு லட்சங்கள் கிடைக்கும் என்ற பேச்சும் இந்த வகைதான். அது நினைவு நாணயம், அதில் எந்தப் பிழையும் இல்லை. உண்மையான பெரிய பிழைக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். ஆனால் உண்டியலிலும் கடைச் சில்லறையிலும் கிடைக்கும் விசித்திரக் காசுகளில் பெரும்பாலானவை அடிபட்ட காசுகள். அவற்றின் மதிப்பு அவற்றில் எழுதியிருக்கும் மதிப்புதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு காசு எப்படிப் பிறக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் நாணயச்சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் இருக்கின்றன. (சென்னையில் தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.) தேய்த்த மாவை டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டிப் பூரி செய்வார்களே, அதேபோல நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். பிறகு வில்லையின் ஓரத்தை இறுக்கி உருட்டி, சுற்றிலும் சிறு கரை எழும்பச் செய்கிறார்கள். சூடாக்கி இளக வைக்கிறார்கள். கடைசியில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, பக்கவாட்டில் வில்லை பிதுங்காமல் பிடித்துக்கொள்ளும் எஃகு வளையம், இவற்றுக்கு நடுவே வில்லை போகிறது. பல டன் விசையோடு ஓர் அடி. அந்தக் கணத்தில் உலோகம் கெட்டிக் களிமண்போல நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. சிங்கமும் எண்ணும் எழுத்தும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன.

அந்த ஓர் அடிதான் எல்லைக்கோடு. காசில் எந்த விசித்திரத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது அந்த அடிக்கு முன்பு நேர்ந்ததா, அடியின்போது நேர்ந்ததா, பின்பு நேர்ந்ததா? முன்போ அப்போதோ என்றால் அது பிழை. பின்பு என்றால் சேதம். இந்தக் கேள்விக்குக் காசே பதில் சொல்லும். அடிக்கு முன்பே இருந்த குறையைச் சுற்றி உலோகம் இயல்பாக ஓடி அமைந்திருக்கும். அடிக்குப் பின் வந்த காயம், ஏற்கெனவே அமைந்த வடிவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டோ நசுக்கிக்கொண்டோ போகும்.

உங்கள் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வோம், ஐந்திலும் எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். பூரி மாவை வெட்டும்போது மூடியைக் கொஞ்சம் தள்ளி வைக்காமல் முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வைத்துவிட்டால், அடுத்த பூரி ஒரு பக்கம் பிறைபோலக் குறைந்து வரும் அல்லவா? தகடு சரியாக நகராதபோது வில்லைக்கும் அதே கதிதான். அந்தக் குறை வில்லையோடுதான் அச்சுக்குள் போகிறது. இப்போது உருப்பெருக்கியில் வெட்டின் ஓரத்தைப் பாருங்கள். வெட்டுக்கு அருகில் இருக்கும் எழுத்தும் கோலமும் வெட்டை நெருங்க நெருங்கப் பருத்து, சற்றே இழுபட்டு, மங்கிக்கொண்டு போனால் அது நல்ல அறிகுறி. அங்கே தடுக்க ஒன்றும் இல்லாததால் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியிருக்கிறது. மாறாக, எழுத்து கடைசிவரை கூர்மையாக இருந்து, கத்தியால் நறுக்கியதுபோலச் சட்டென நின்றால், யாரோ பின்னால் வெட்டியிருக்கிறார்கள். அரத்தால் தேய்த்த வெட்டில் ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் பளபளக்கும்.

அடுத்து, வெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் பாருங்கள். ஓரத்தை உருட்டும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் நெருக்கித்தான் கரையை எழுப்புகிறது. ஒரு பக்கம் வெட்டுப்பட்டு இடைவெளியாக இருந்தால், அந்த இடம் வரும்போது எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைப்பதில்லை. ஆகவே எதிரே கரை மெலிந்தோ காணாமலோ போகும். பிளேக்ஸ்லி விளைவு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். வீட்டில் அரத்தை வைத்துக்கொண்டு காசைத் தேய்ப்பவர் வெட்டை உண்டாக்கலாம், எதிர்ப்பக்கக் கரையை இயல்பாக மெலிய வைக்க அவரால் முடியாது. சிறிய வெட்டுகளில் இந்த விளைவு தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதால், இது இல்லையென்ற காரணத்தால் மட்டும் காசை ஒதுக்கிவிடாதீர்கள். இருந்தால் மிகப் பலமான சாட்சி.

இரண்டு ரூபாயின் கோட்டை விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடா, பள்ளமா? காசில் மேடாக இருப்பது பெரும்பாலும் அச்சின் காயம், பள்ளமாக இருப்பது பெரும்பாலும் காசின் காயம். அச்சு லட்சக்கணக்கான முறை அடிவாங்கிக் களைத்து விரிசல் விட்டால், அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறிக் காசின் மேல் நூல்போன்ற மேட்டுக்கோடாக நிற்கும். அச்சின் ஓரம் பெயர்ந்தே போனால் அந்த இடத்தில் உருவமற்ற கட்டி ஒன்று விளிம்பை ஒட்டி எழும்பியிருக்கும். வெளியில் கிடந்த காசின் மேல் உலோகத்தைக் கூட்டுவது எளிதல்ல, கீறிக் குறைப்பது எளிது. கீறல் என்றால் பள்ளத்தின் இரு கரையிலும் ஒதுங்கிய உலோகம் சிறு வரப்புபோல நிற்கும், ஏர் ஓட்டிய சாலின் இருமருங்கிலும் மண் எழும்பி நிற்பதுபோல. உங்கள் கோடு மேடாக இருந்தால் அது அச்சு விரிசல், உண்மையான பிழைதான். ஆனால் நம் நாணயங்களில் அது மிகச் சாதாரணம், பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். நான் இவற்றை விலைக்காக எடுத்து வைப்பதில்லை. ஒரே அச்சின் விரிசல் காசுக்குக் காசு வளர்வதை வரிசையாக வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

எழுத்து மங்கியோ காணாமலோ போன காசும் உங்களிடம் வரலாம். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பசையும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்துக்குள் உலோகம் ஏறாது. அப்படிப்பட்ட காசில் எழுத்து இருக்க வேண்டிய இடம் மெத்தென்று மங்கியிருக்கும், ஆனால் சுற்றியுள்ள தளத்தின் பளபளப்பு குலையாது. சுரண்டி எடுத்த எழுத்தின் இடத்தில் கீறலும் சிறு குழிவும் தெரியும்.

ஐந்து ரூபாயின் இரட்டை ஆண்டுக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடிக்கும் எல்லாக் காசிலும் எழுத்து இரட்டையாக வரும். அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட் நாணயம் இதற்குப் புகழ்பெற்றது. அதில் இரண்டு எழுத்துகளும் முழு உயரத்தோடு, உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகள் பாம்பு நாக்குபோலப் பிளந்திருக்கும், எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும். நம் கையில் அகப்படுவதோ பெரும்பாலும் வேறு. அடி விழுந்த மறுகணம் தளர்ந்திருந்த அச்சு சற்றே நழுவி, புதிதாய்ப் பிறந்த எழுத்தின் தோளை இழைத்துவிடுகிறது. விளைவாக எழுத்துக்குப் பக்கத்தில் தாழ்ந்த, தட்டையான, படிக்கட்டு போன்ற ஒரு நிழல் உண்டாகிறது. எழுத்து தடிப்பதற்குப் பதிலாக மெலிகிறது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அந்தப் படி கண்ணாடிபோல் மின்னும். உங்கள் படத்தில் ஆண்டின் இடப்பக்கம் தெரிவது இந்தப் படிதான். இதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதில்லை. நான் ஒரு மாலை முழுவதும் கடையில் வாங்கிய ஐந்து ரூபாய் நாணயக் குவியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், இந்த நிழல் வெவ்வேறு அளவில் திரும்பத் திரும்ப வந்தது.

பத்து ரூபாய் வளையம் ஏறக்குறைய நிச்சயமாக சேதம். 2011-இல் வந்த வகை வழக்கமான பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம் எடை. வளையம் அலுமினிய வெண்கலம், நடுவட்டம் செம்பு நிக்கல் கலவை. இரண்டும் தனித்தனி வில்லைகளாக அச்சுக்குள் போய், அடியின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஆணியால் தட்டியோ சூடாக்கியோ நடுவட்டத்தைப் பெயர்த்துவிட முடியும். அப்படிப் பெயர்த்த வளையத்தில் துளை சுத்தமான வட்டமாக இருக்கும், கோலம் துளையின் ஓரத்தில் கூர்மையாக நிற்கும், உட்சுவரில் கவ்வியிருந்த தடமும் உரசலும் தெரியும். நடுவட்டமே இல்லாமல் வளையம் மட்டும் அடிவாங்கியிருந்தால், தடுக்க ஒன்றுமில்லாத துளைக்குள் உலோகம் வழிந்திருக்கும். துளை சுருங்கிக் கோணலாகி, உள்விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். உங்கள் படத்தில் துளை வட்டமாக, கூர்மையாக இருக்கிறது.

நடுவட்டத்தைப் பெயர்த்துத் திருப்பி மறுபடி பொருத்தி, அச்சு திரும்பிய பிழை என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அச்சு திரும்பியிருந்தால் ஒரே பக்கத்தில் வளையமும் நடுவும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தித்தான் இருக்கும், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில்தான் கோணம் மாறும். ஒரே பக்கத்திலேயே நடுவும் வளையமும் பொருந்தாமல் நின்றால் அது கைவேலை.

இடையில் ஒன்று. பத்து ரூபாயில் பத்து இதழ் இருந்தால் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி என்று தமிழ்நாட்டுக் கடைகளில் பல காலம் காசை வாங்க மறுத்தார்கள். வெவ்வேறு காலத்தில் வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கியது. வடிவம் மாறியிருப்பது பிழையும் அல்ல, போலியும் அல்ல. ஆண்டின் கீழே இருக்கும் சிறு குறியும் அப்படித்தான்: புள்ளி என்றால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் என்றால் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் சிலவற்றில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும், அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்தது. 1990-களின் பிற்பகுதியில் மெக்சிகோ, மாஸ்கோ போன்ற ஊர்களில் அடித்துத் தருவித்த நாணயங்களிலும் வெளிநாட்டுக் குறிகள் உண்டு. அளவும் குழப்பும். 1992-ஆம் ஆண்டு வகை எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க்கும் அதே அளவு, அதே எடை. ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அடித்துவிட்டார்கள் என்று பலர் பரபரப்பாக எழுதுவது இதைப் பார்த்துத்தான்.

ஐம்பது காசுக்குத் தராசு வேண்டும். நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். 1988-ஆம் ஆண்டு வகை எஃகு ஐம்பது காசு 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். இரண்டு வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுக்குள் போய்விட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டுமே அச்சு படும், மறுபக்கம் வெறுமையாக வரும். உலோகம் எங்கும் போகவில்லை என்பதால் எடை முழுதாக இருக்கும். தேய்த்து வெறுமையாக்கியதில் எடை குறையும், அந்தப் பக்கக் கரையும் போயிருக்கும். ஆடும் கிரைண்டரின் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்த காசு ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் தரையில் தேய்ந்து இப்படியே ஆகும். ரயில் தண்டவாளத்தில் வைத்த காசு என்றால் எடை குறையாது, ஆனால் அகலம் கூடித் தடிமன் குறைந்திருக்கும். ஆகவே எடை, அகலம் இரண்டையும் பாருங்கள். அமிலத்தில் போட்ட காசில் எல்லாமே ஒரே அளவாகக் கரைந்து, எழுத்து இருந்தும் எலும்பாகி, விளிம்பு கத்திபோல் மெலிந்திருக்கும்.

நம் ஊர்க் காசு படும் பாடு எத்தனையோ. பாலத்தைக் கடக்கும்போது காவிரியில் வீசிய காசு மணலில் உருண்டு மேற்பரப்பு முழுவதும் சிறு குழிகளாகிறது. ராமேசுவரம் கடலில் விழுந்தது உப்பில் கறுத்து அரிக்கப்படுகிறது. அரைஞாண் கயிற்றில் கோக்கத் துளையிட்டது, விளக்கடியில் வைத்துச் சூட்டில் நிறம் மாறியது என்று ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றையும் நான் மதிக்கிறேன், ஆனால் அவை அச்சுப் பிழைகள் அல்ல.

உங்கள் ஐந்தில் இல்லாத ஒரு வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பணம் இழந்திருக்கிறேன். இந்தியச் சேகரிப்பாளர்கள் லக்கி என்று அழைக்கும் பிழை அது. அடிபட்ட காசு வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடும். அப்போது புதிய காசின் ஒரு பக்கம் சிங்கம் இயல்பாக மேடாகவும், மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பள்ளமாகவும் பதியும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்காட்சியில் 1980-களின் செம்பு நிக்கல் ஒரு ரூபாயை இப்படி வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன், பள்ளமான சிங்கத்தின் அடியில் ஒன்று என்ற எண்ணும் தானியக் கதிரின் தண்டும் மங்கலாகத் தெரிந்தன. முழுதாய்ப் பிறந்த காசின் மேல் இன்னொரு காசை வைத்துப் பட்டறை இடுக்கியில் இறுக்கியிருக்கிறார்கள். மறுபக்கச் சிங்கத்தின் மூக்கும் பிடரியும் தட்டையாகியிருந்தன, இடுக்கியின் தாடை அழுத்திய இடம் அது. உண்மையான லக்கியில் பள்ளத்துக்கு அடியில் வேறு எதுவும் இருக்காது, மறுபக்கம் புதுக்காசின் கூர்மையோடு இருக்கும். அன்று இந்த இரண்டையும் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இருபக்கமும் தலையுள்ள காசு என்று யாராவது காட்டினால், விளிம்பின் உட்புறம் சுற்றிலும் முடிபோன்ற இணைப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு காசுகளைக் குடைந்து பொருத்திய மாயவித்தைக் காசுகள் நிறையப் புழங்குகின்றன. மேசைமேல் போட்டால் அவற்றின் ஓசையும் செத்துப்போய் இருக்கும்.

எந்தக் காசையும் கழுவித் துலக்காதீர்கள். புளியும் எலுமிச்சையும் விபூதியும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. காசின் தளத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மிக நுண்ணிய கோடுகளாக உலோகம் ஓடிய தடம் இருக்கும், காசைச் சுழற்றினால் ஒளி சக்கரம்போலச் சுற்றுவது அதனால்தான். அச்சின் அடிக்கு அதுவே முதல் சாட்சி. ஒரு முறை தேய்த்தால் அது போய்விடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உண்டியலின் மீதிக் காசுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, சிங்கம் நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் பின்பக்க எண்ணும் நேராக நிற்க வேண்டும். சில பாகை சாய்ந்திருப்பது சகஜம். கால் வட்டமோ அரை வட்டமோ திரும்பியிருந்தால் தனியே எடுத்து வையுங்கள், ஒற்றை உலோக நாணயத்தில் அடித்தும் தேய்த்தும் உண்டாக்க முடியாத பிழை அது. பிறகு அந்த ஒரு ரூபாயை நிறுத்து எடையையும், வெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பின் படத்தையும் அனுப்புங்கள். படத்தை மேலிருந்து எடுக்க வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்து வைத்து, கரையின் உயரம் தெரியும்படி எடுங்கள்.